தரம் 4 பிள்ளைக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். மகளுக்கு 9 வயது. தரம் 4இல் படிக்கிறாள். பாடசாலையில் மைதானம் இல்லை, கொங்கிரீட் முற்றம் மட்டுமே உண்டு. அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் வாரத்தில் நான்கு நாள் மாலை 4 மணி முதல் 6 மணி வரை பிரத்தியேக வகுப்பு. நீச்சலிலோ பட்மின்டனிலோ சேர்த்துவிட்டால் போதும் என்கிறார் கணவர். படிப்புக் கெட்டுவிடுமோ என்பது என் பயம். சிறுவயதில் அவளுக்கு முட்டு (ஆஸ்துமா) இருந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழகத் தொடங்கியதிலிருந்து குதிக்கால் நோகிறது என்றும் சொல்கிறாள். இந்த வயதில் எவ்வளவு விளையாட்டு வேண்டும்? அதை எங்கே, எப்போது கொடுப்பது?

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமானது முதல் கடுமையானது வரையான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது மூச்சு வாங்க ஓடுவது, தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் வகையில் துள்ளுவது, ஏறுவது போன்றவை இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. மிதமானது என்பதை வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம்: அந்த நேரத்தில் பிள்ளையால் கதைக்க முடியும், பாட முடியாது. இந்த 60 நிமிடம் ஒரே மூச்சில் அமைய வேண்டியதில்லை. காலையில் பத்து, இடைவேளையில் பதினைந்து, மாலையில் அரை மணித்தியாலம் என்று துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் கணக்குச் சரியாகிவிடும்.

இப்போது உங்கள் மகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பாடசாலை வானில் அமர்ந்து போகிறாள், 7.30 முதல் 1.30 வரை பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் இருக்கிறாள். பகல் நெரிசலில் மீண்டும் வானில் அமர்ந்து வீடு திரும்புகிறாள். சாப்பிட்டு, உடை மாற்றி, வகுப்புக்குப் போய் அங்கும் அமர்கிறாள். உடற்பயிற்சிப் பாடம் இருக்கிறதே என்பீர்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்தைக் கொடுத்து வரிசையில் நிறுத்தினால், 40 நிமிடப் பாடத்தில் ஒரு பிள்ளை உண்மையில் ஓடும் நேரம் சில நிமிடங்களைத் தாண்டாது. மீதி நேரம் தன் முறைக்காகக் காத்து நிற்பதில் கழிகிறது. இதை ஆசிரியரின் குறையாக நான் சொல்லவில்லை. கொழும்பின் நெருக்கமான பல பாடசாலைகளில் இடமும் கருவிகளும் அவ்வளவுதான். ஆனால் நேர அட்டவணையில் எழுதப்பட்டிருப்பதைப் பிள்ளையின் உடல் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கணவரின் யோசனையில் பாதி சரி. நீச்சல் பழகுவது நல்லது. தீவில் பிறந்த பிள்ளைக்கு அது விளையாட்டு என்பதைவிட உயிர்க்காப்பு. ஆயினும் வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணித்தியாலம் வீதம் போனாலும், வாரத்துக்குத் தேவையான 420 நிமிடத்தில் 90 நிமிடம்தான் அங்கே கழிகிறது. அதிலும் ஒரு பகுதி தடாகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் நீந்துவதைப் பார்ப்பதில் போய்விடும். ஆகவே நீச்சல் வகுப்பை அன்றாட ஓட்டத்தோடு சேரும் ஒன்றாகக் கருதுங்கள். அதற்குப் பதிலாகக் கருதாதீர்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். கொழும்புப் பெற்றோரிடம் விளையாட்டையும் இன்னொரு பிரத்தியேக வகுப்பாக மாற்றிவிடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது: சீருடை, மாதக் கட்டணம், தரச் சான்றிதழ், வாசலில் காத்திருக்கும் அம்மா. ஒரே விளையாட்டில் மட்டும் முழுமையாக இறங்குவதைச் சுமார் 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கூறுகிறது. பயிற்றுநரின் கீழ் நடக்கும் விளையாட்டு, வாரத்தில் பிள்ளையின் வயதைவிடக் கூடிய மணித்தியாலங்கள் ஆகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. அதன்படி உங்கள் மகளுக்கு 9 மணித்தியாலமே உச்சம். அதை எட்ட வேண்டும் என்பதல்ல அதன் பொருள்.

இந்த வயதில் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒரு விளையாட்டின் நுணுக்கமன்று. ஓடுதல், திடீரென நின்று திரும்புதல், பாய்தல், எறிதல், பிடித்தல், ஒற்றைக்காலில் நிலைத்தல் ஆகிய அடிப்படை அசைவுகள் உடலில் ஊற வேண்டிய காலம் இது. நம்முடைய பழைய விளையாட்டுகள் இதற்கென்றே செய்தவை போல அமைந்திருப்பதை நான் அடிக்கடி வியந்திருக்கிறேன். கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கோடுகளில் நிற்பவர்கள் தத்தம் கோட்டில்தான் அசையலாம். அவர்கள் அணியில் ‘கிளி’ எனப்படுபவரோ நடுக்கோட்டிலும் ஓடிவருவார். ஆகவே தட்டுக்குள் இறங்கும் பிள்ளை, முன்னால் நிற்பவரை ஏய்த்துப் பக்கவாட்டில் பாய வேண்டும், பின்னால் வரும் கிளியையும் கணக்கில் வைக்க வேண்டும். அதில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. எட்டுக்கோட்டில் ஓட்டுத் துண்டை எறிந்து ஒற்றைக்காலில் கெந்திப் போவது, எலும்புக்கு வலுவூட்டும் துள்ளல் என்று வழிகாட்டல் சொல்வதைத்தான் வேறு பெயரில் செய்கிறது. ஒரு சோக்கட்டியும் வாகனங்கள் வெளியே போயிருக்கும் வேளையில் குடியிருப்பின் தரிப்பிடமும் போதும். உங்கள் கட்டடத்தில் அதே வயதுப் பிள்ளைகள் நால்வராவது இருப்பார்கள். அவர்களின் பெற்றோரோடு கதைத்து நேரமொன்றை ஒத்துக்கொள்வதும், வாகனம் உள்ளே வருகிறதா என்று பார்க்கப் பெரியவர் ஒருவரை முறைவைத்து நிறுத்துவதும் நீச்சல் வகுப்புக்கு அலைவதைவிட எளிதான வேலை.

நேரம்தான் உண்மையான சிக்கல். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் மறைந்துவிடும். வெயில் தணிந்தும் வெளிச்சம் மீந்தும் இருக்கும் வேளை 5 மணி முதல் 6 மணி வரைதான். அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் வாரத்தில் நான்கு நாள் பிரத்தியேக வகுப்பு எடுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால், வகுப்பை 3 மணிக்கு முன்தள்ள முடியுமா, அல்லது 6.30க்குப் பின் நடக்கும் குழுவுக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள் என்பேன். பிந்திய குழுவானால் நித்திரை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வயதுக்கு இரவில் 9 மணித்தியாலமேனும் தேவை. இரண்டும் முடியாவிட்டால் நான்கு நாளை மூன்றாக்குங்கள்.

படிப்புக் கெடும் என்ற உங்கள் பயம் இங்கேதான் எழும் என்பதால் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகளை 20 நிமிடம் நடக்கவிட்டுச் சோதித்தபோது, அமர்ந்திருந்துவிட்டுச் சோதனைக்கு வந்த நாளைவிட நடந்த நாளில் அவர்களின் கவனக் குவிப்பு மேம்பட்டிருந்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வு சிறியது என்றாலும் அதன் பின் வந்த பல ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. மற்றது கண் பற்றியது. சீனாவின் குவாங்சோ நகரில் ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றில் நாளாந்தம் 40 நிமிட வெளிப்புறச் செயற்பாட்டைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளின் முடிவில், வழமைபோல நடந்த பாடசாலைகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருக்க, வெளியே விட்ட பாடசாலைகளில் அது 30.4 சதவீதமாக இருந்தது. 2015இல் வெளியான அந்த முடிவில் வேலை செய்தது ஓட்டத்தைவிடப் பகல் வெளிச்சமே என்று கருதப்படுகிறது. ஆகவே இருட்டிய பின் வீட்டுக்குள் செய்யும் உடற்பயிற்சி, வெளியே போவதற்கு முழு ஈடாகாது.

வார இறுதியில் காலிமுகத்திடல், விஹாரமகாதேவி பூங்கா, சுதந்திரச் சதுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்குக் காலை 7 மணிக்கு முன்னரே போய்விடுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரை அருகில்தான் என்றாலும், ரயில் பாதையைக் கடந்து போக வேண்டியிருப்பதால் பிள்ளைகளைத் தனியே அனுப்பும் இடமல்ல. மழைக் காலத்தில் மின்தூக்கியை விட்டுவிட்டு நான்கு மாடியையும் படியால் ஏறினாலே மூச்சு வாங்கும். அதை மகளோடு சேர்ந்து நீங்களும் செய்தால் அவள் முறைப்பாடு சொல்ல மாட்டாள்.

இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் முதலாம் தவணையில் நடக்கும் இந்தப் போட்டிகளுக்கான பயிற்சி, வெப்பமும் ஈரப்பதனும் ஏறிக்கொண்டு போகும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், பல இடங்களில் பாடங்கள் குழம்பாதிருக்க 11 மணி வெயிலிலேயே நடக்கிறது. கொங்கிரீட் முற்றம் அந்த வெப்பத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். தெரிவுப் போட்டி முடிந்ததும் வேகமான பிள்ளைகள் சிலர் மட்டும் தொடர்ந்து ஓட, மற்றவர்கள் அணிநடைக்காக நெடுநேரம் அசையாமல் நிற்கிறார்கள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியேற்றப்படுகிறாள் என்பது இந்த ஏற்பாட்டின் விநோதம்.

வகுப்பாசிரியரிடம் இரண்டு விடயங்களைத் தயங்காமல் கேட்கலாம்: பயிற்சியை 9 மணிக்கு முன்னர் வைக்க முடியுமா, தண்ணீர் குடிக்க இடையில் விடுவார்களா. 9 முதல் 12 வயதுப் பிள்ளை வெயிலில் விளையாடும்போது ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 100 முதல் 250 மில்லிலீற்றர் வரை குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கும் நாள்களில் பயிற்சியைத் தவிர்க்குமாறு கேட்பதில் தவறேதும் இல்லை. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ குளிர்விப்பதை நிறுத்தாமலே 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

முட்டு இருந்த பிள்ளை ஓடக் கூடாது என்பது பழைய எண்ணம். முட்டு கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளை எல்லா விளையாட்டும் விளையாடலாம். ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் இருமலோ இழுப்போ வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையெனில், விளையாட்டுக்கு 10, 15 நிமிடம் முன்னர் இன்ஹேலர் எடுக்குமாறு அவர் சொல்வார். அப்படிச் சொன்னால் அது வீட்டு அலுமாரியில் அல்லாமல் பாடசாலைப் பையில் இருக்க வேண்டும். வகுப்பாசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

குதிக்கால் நோவுக்கு வருவோம். 8 முதல் 14 வயது வரையான, ஓடித் திரியும் பிள்ளைகளில், குதிக்கால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைப் பின்தசைநார் இழுப்பதால் வரும் நோவு மிகச் சாதாரணமானது. குதிக்காலை இரு பக்கமிருந்தும் விரல்களால் அழுத்தும்போது நோகிறது, ஓடிய பின் கூடுகிறது, ஓய்வில் குறைகிறது என்றால் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். திடீரெனக் கூட்டிய ஓட்டமும், கொங்கிரீட் தரையும், வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்தின் மெல்லிய தட்டை அடியும் சேர்ந்தால் இது வராமலிருப்பதுதான் ஆச்சரியம். நோவு தணியும்வரை ஓட்டத்தையும் துள்ளலையும் குறைத்து, குதிப்பகுதியில் மெத்தென்ற சப்பாத்தைக் கொடுங்கள். கெண்டைக்கால் தசையை நாளுக்கு இரண்டு தடவை மெதுவாக நீட்டவையுங்கள். இந்த வாரங்களுக்கு நீச்சல் நல்ல மாற்று. இரவில் நித்திரை கலைக்கும் நோவு, வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் நொண்டுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

கால் தேறிய பின் ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்களின் அளவு. நடுக் கயிற்றை மகள் மிதித்து நிற்க, இரு பிடிகளும் அக்குள் உயரத்துக்கு வரும்படி முடிச்சுப் போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். துள்ளுவதைத் தரிப்பிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; நான்காம் மாடியில் துள்ளினால் மூன்றாம் மாடிக்காரரிடமிருந்து முறைப்பாடு வரும்.