முள் நடுவுக்கு வந்துவிட்டால் போதுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. சென்னை வெயிலுக்கு அதெல்லாம் எதற்கு, ஏறியதும் மிதி என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அப்பா பழகியது சோக் இழுத்து ஸ்டார்ட் செய்த கார்புரேட்டர் வண்டி. சூடேறாமல் எடுத்தால் தெருமுனையிலேயே இருமி நின்றுவிடும். உங்கள் காரில் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் சுமை இல்லாததால் சூடும் மெதுவாகத்தான் ஏறும். அதுவரை எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அரை நிமிடம் போதும், கிளம்பிவிடுங்கள். அக்கம்பக்கத்தாரும் தூங்குவார்கள்.

நண்பருக்கு: நமக்கு 30 டிகிரி புழுக்கம், எஞ்சினுக்கு அது குளிர். ஆயில் 90 டிகிரியை ஒட்டி வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 5டபிள்யூ-40 என்ற கிரேடு எஞ்சின் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. அந்த நிலையில் மிதித்தால் ஆயில் பிரஷர் முள் எகிறும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். அழுத்தம் தாங்காமல் ரிலீஃப் வால்வு திறந்து, சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது. போதாததற்கு, அலுமினிய பிஸ்டன் சூட்டில் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். விரிந்து தன் அளவுக்கு வரும்வரை உள்ளே ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

பலரும் ஏமாறுவது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் காட்டும் கூலன்ட் முள்ளில்தான். சில நிமிடங்களிலேயே நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருக்கும். பிஎம்டபிள்யூவின் பழைய ‘எம்’ ரக ஸ்போர்ட்ஸ் கார்களில், ஆயில் சூடேற ஏற ஆர்பிஎம் மீட்டரின் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். அவ்வளவு அக்கறை! உங்கள் காரில் ஆயில் டெம்பரேச்சர் காட்டினால் 80 தாண்டும்வரை பொறுங்கள். காட்டாவிட்டால், முள் நடுவுக்கு வந்த பிறகு இன்னும் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். அதுவரை 3000 ஆர்பிஎம்முக்குள், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வேகம் பிடிக்காத அளவுக்குக் கால் வைத்தால் போதும். அதற்காக டாப் கியரில் போட்டுத் திணறடிக்கவும் கூடாது.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கியர்பாக்ஸ் ஆயில், டயர், பிரேக் மூன்றும் ஓடினால்தான் சூடாகும். மின்ட் வரை போய்த் திரும்புவதோடு சரி என்றால் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகவே ஆகாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஆயிலையும் சீக்கிரம் மாற்றுங்கள்.

மிதிப்பதற்குப் பொதுச்சாலை இடமல்ல. சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் வடசென்னைக்காரர்களுக்கு அது பக்கம். இப்போது ஊரைக் கடந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போக வேண்டும். ஒரு விதத்தில் நல்லதுதான், போய்ச் சேர்வதற்குள் வண்டி முழுக்கச் சூடாகிவிடும். ஆனால் உங்கள் முறைக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால் மறுபடி ஆறிப்போயிருக்கும். முதல் சுற்றை மெதுவாகவே ஓட்டுங்கள். கடைசிச் சுற்றையும் அப்படியே. கொதிக்கிற டர்போவோடு வந்து பட்டென்று அணைத்தால் அதற்குள் தேங்கிய ஆயில் கரியாகிவிடும்.