பர்மாவில் துறவிகளுக்கு உணவு கொண்டுபோகும் கோபுர மூடிப் பாத்திரம் எதனால் ஆனது?

அதன் பெயர் 'சூன் ஓக்'. பார்த்தால் உலோகம் போலத் தெரியும்; உள்ளே இருப்பது மூங்கில்தான். மூங்கில் பட்டைகளைச் சுற்றி உருவம் அமைத்து, 'திட்சி' மரத்தின் பாலைப் பல பூச்சுகளாகப் பூசுவார்கள். நம் ஊர் அரக்கு பூச்சி தருவது, இது மரப்பால். மா, முந்திரி, சேராங்கொட்டை குடும்பத்து மரம் என்பதால், பச்சைப் பால் தோலில் பட்டால் அரித்துத் தடித்துவிடும். இது வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நிலவறையில் நாள்கணக்கில் வைப்பார்கள். இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய வியப்பு. அப்புறம் சாம்பலை அதே பாலில் குழைத்துக் கொடி வேலைப்பாடு, தங்க ரேக்கு, கண்ணாடிச் சில்லு. மூடி புத்தத் தூபியை நினைவூட்டும். உள்ளே சோறும் பழமும் வைத்து மடாலயத்துக்கு எடுத்துச் செல்வார்கள்.