பாதியில் நிற்கும் பேட்ச்

அண்ணா, வணக்கம். மொரிஷியஸில், எபேனில் ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறேன். ஆரக்கிள், இரண்டு நோட் கிளஸ்டர் (ஒரே டேட்டாபேசை இரண்டு சர்வர்கள் சேர்ந்து ஓட்டுவது). ஜனவரி பேட்சை (ஆரக்கிள் தரும் திருத்தங்கள்) முதல் நோடில் போட்டுவிட்டோம். இரண்டாவதைத் தொடும் முன் மேனேஜர், "காவடி லீவு முடியட்டும், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்கிறார். விடலாமா?
– ஒரு வாசகர், ரோஸ் ஹில்

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரோலிங் பேட்சில், அதாவது நோடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேட்ச் போடுவதில், ஒரு நோடை இறக்கும்போது மற்றது சுமையைத் தாங்கும்; நடுவில் இரண்டும் வெவ்வேறு பேட்ச் அளவில் ஓடுவதை ஆரக்கிள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது கைமாற்று வாங்கிய நேரம்.

கிளஸ்டரின் ஆக்டிவ் வெர்ஷனைக் கேட்டுப் பாருங்கள், நிலை 'ரோலிங் பேட்ச்' என்று காட்டும். அந்த நிலையில் ஏஎஸ்எம் (ஆரக்கிளின் டிஸ்க் நிர்வாகி) டிஸ்க் குரூப்பில் புது டிஸ்க் சேர்க்கப் போனால் ஓஆர்ஏ-15137 பிழை என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். லீவில் ஆர்க்கைவ் லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவுக் கோப்புகள்) நிரம்பி, டிஸ்க் கையில் இருந்தும் சேர்க்க முடியாமல் நிற்பதை மேனேஜரிடம் சொல்லுங்கள். இது சைக்ளோன் காலம் வேறு. கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை அறிவித்துவிட்டால் ஆபீசுக்கு யார் வரப்போகிறார்கள்?

இரண்டாவது நோடை இறக்கும் முன் சர்வீஸ்களை (அப்ளிகேஷன்கள் டேட்டாபேசோடு இணையும் பெயர்கள்) முதல் நோடுக்கு நகர்த்துங்கள். செஷன்கள் (திறந்திருக்கும் இணைப்புகள்) தானாக வடியக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அப்படியும் சில செஷன்கள் நகராது. கிளஸ்டர் முழுவதற்கும் பொதுவான ஸ்கேன் பெயரைப் போடாமல் இரண்டாவது நோடின் முகவரியையே அப்ளிகேஷனில் எழுதி வைத்த புண்ணியவான் எல்லா ஆபீசிலும் ஒருவர் உண்டு. அவரை முதல் நாளே தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் டேட்டாபேட்ச் என்ற கருவி. இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு நோடிலும் பேட்ச் போட்டு, பட்டியலையும் சரிபார்த்து, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து, மூடிக்கிடந்த ஒரு டெஸ்ட் பிடிபியை (பெரிய டேட்டாபேசுக்குள் இருக்கும் தனி டேட்டாபேஸ்) யாரோ திறந்தார்கள். அது ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறந்தது. டெவலப்பர் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. பேட்ச் போடும் ஓபேட்ச் கருவி மாற்றுவது டிஸ்கில் உள்ள பைனரியை, அதாவது புரோகிராம் கோப்புகளை, மட்டும்தான். டேட்டாபேசுக்குள் இருக்கும் எஸ்க்யூஎல் மாற்றங்களை டேட்டாபேட்ச்தான் செய்கிறது. மூடிக்கிடக்கும் பிடிபியை அது தாண்டிப் போய்விடும். நான் லாகைப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். படிக்கவில்லை.

ஆகவே இரண்டு நோடும் முடிந்தபின், எல்லாப் பிடிபியும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு நோடிலிருந்து டேட்டாபேட்சை ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும். பேட்ச் வேலையைத் தானாக நடத்தும் ஓபேட்ச்ஆட்டோ கடைசி நோடில் தானே ஓட்டிவிடும் என்பார்கள். சரி, ஓட்டட்டும், லாகை நீங்கள் படியுங்கள். கிளஸ்டர் நிலை 'நார்மல்' ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

இந்த முறை நீங்களே காவடி எடுப்பதாக இருந்தால், இரண்டாவது நோடுக்கு வேறு ஒருவரை உட்கார வையுங்கள். விரதத்தில் பசியோடு, முழு அதிகாரமுள்ள ரூட் யூசரில் கட்டளை அடிக்க வேண்டாம்.