அமெரிக்காவில் அரசு முடங்கினால் ராணுவ வீரர்களுக்குச் சம்பளம் வருமா?

ஷட்டவுன் வந்தால் வீரர்களின் சம்பளம் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை பெரும்பாலும் எப்படியோ கொடுத்துவிட்டார்கள். ஆனால் தானாக வந்துவிடாது.

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் நாடாளுமன்றம் நிதி ஒதுக்காவிட்டால் கஜானாவில் கைவைக்க முடியாது, அரசு முடங்கிவிடும். இதைத்தான் ஷட்டவுன் என்கிறார்கள். சீருடையில் இருப்பவர்களோ சம்பளம் இல்லாவிட்டாலும் வேலைக்கு வந்தே ஆகவேண்டும். அவர்களுக்கு மாதம் இரண்டு சம்பளம், 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும். 2013-ல் கடைசி நேரத்தில் தனிச் சட்டம் போட்டுச் சமாளித்தார்கள். அப்போதும் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு உடனடியாகத் தரும் 1,00,000 டாலர் சில நாள் நின்றுபோய், ஃபிஷர் ஹவுஸ் என்ற அறக்கட்டளை கைகொடுக்க முன்வர வேண்டியிருந்தது. எனக்கு இதுதான் ஆகப்பெரிய அவமானமாகத் தெரிகிறது. 2025-ல் 43 நாள் முடக்கம். அக்டோபர் 15 சம்பளத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

சரி, யாருக்குமே சம்பளம் தவறியதில்லையா? கடலோரக் காவல் படைக்குத் தவறியது. 2018-19 முடக்கத்தில் பாதுகாப்புத் துறைக்கு முன்பே நிதி ஒதுக்கியாகிவிட்டது. இந்தப் படை இருப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ். அதனால் 2019 ஜனவரி 15 சம்பளம் வரவில்லை.

குடும்பங்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. மனைவியோ கணவனோ அரசின் சிவில் ஊழியராக இருந்தால் அந்த வருமானமும் நிற்கும். பாக்கி பின்னால் வந்துவிடும்தான், ஆனால் வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காதே! ராணுவத்தினருக்கான சில கடன் சங்கங்கள் அப்போது வட்டியில்லாக் கடன் தருகின்றன.