சேலத்துல புதுசா கட்டின வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் வெக்கணுமா, வெச்சா எது வெக்கறது?

மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் ஃபில்டரைப் பத்தி யோசிங்க. கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறிச்சிருப்பீங்க, அதுக்குள்ள கிச்சன்ல ஒண்ணு மாட்டிடணும்னு வீட்ல சொல்லிட்டிருப்பாங்க, அதனாலதான் அவசரமா கேக்கறீங்கன்னு நெனைக்கறேன்.

எங்க வீடு மாமாங்கம் பக்கம். நாங்க பால் காய்ச்சின வாரமே ஃபில்டர் விக்கறவர் ஒருத்தர் வந்துட்டாப்ல. ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல எங்க குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டாந்த ஆர்ஓ தண்ணி, அதாவது மெல்லிசான சவ்வு வழியா அழுத்தி உப்பைப் பிரிச்ச தண்ணி, ரெண்டுலயும் ஒரு கருவியோட கம்பிய விட்டு கரண்ட் குடுத்தார். கொஞ்ச நேரத்துல எங்க தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி ஆகி மேல நுரை கட்டிருச்சு, அவரோடது அப்படியே இருக்குது. அத்தைக்கு மொகமே மாறிப்போச்சு. "ஏங்கண்ணு, இதையா புள்ளைகளுக்குக் குடுத்துட்டிருக்கோம்"னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் பன்னெண்டாவதுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறவ. அந்தப் பழுப்பு நிறம் தண்ணில இருந்த அழுக்கே இல்ல, கரண்ட் பாயும்போது இரும்புக் கம்பி கரைஞ்சு வர்ற துரு. ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, கரண்ட் சரியா பாயாது, அதனால கம்பி கரையல, அவ்ளோதான். அவர் டம்ளர்லயே ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டு, இப்ப விடுங்கன்னேன். அதுவும் அதே கலருக்கு வந்துருச்சு. அவர் ஒண்ணும் பேசல, கருவிய எடுத்து வெச்சுட்டார். படிச்சவங்க வீட்லயே இப்படி பயமுறுத்தறாங்கன்னா மத்தவங்க கதி என்னன்னு இன்னைக்கும் மனசு ஆறல.

உடனே ஆர்ஓவே வேண்டாங்கறீங்களான்னு சண்டைக்கு வராதீங்க, நான் அப்படிச் சொல்லவே இல்ல. சேலத்துல பாதி வீட்டுக்கு ரெண்டு தண்ணி, மேட்டூர்ல இருந்து வர்ற நல்ல தண்ணி ஒண்ணு, போர் தண்ணி ஒண்ணு. எங்க வீட்ல நல்ல தண்ணிக்கு டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட மொத்த அளவு, லிட்டருக்கு முந்நூத்திச் சொச்சம் மில்லிகிராம்தான். குடிக்கற தண்ணிக்கு இந்தியத் தர அளவு 500, வேற வழியே இல்லன்னாதான் 2000 வரைக்கும். 2019ல பசுமைத் தீர்ப்பாயமே 500க்குக் கீழ இருக்கற எடத்துல ஆர்ஓவைத் தடை பண்ணச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, ஏன்னா அது சுத்தம் பண்றதவிட சாக்கடைக்கு விடற தண்ணிதான் ஜாஸ்தி. அதனால நல்ல தண்ணிய நாங்க வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்கறோம். காய்ச்ச நேரமில்லன்னா புறஊதா வெளிச்சத்துல கிருமியக் கொல்ற யூவி ஃபில்டர் போதும்.

போர் தண்ணி கதை வேற. எங்க பக்கம் பூமிக்கடியில மேக்னசைட்ங்கற மெக்னீசியம் தாது, அந்த மெக்னீசியம் தண்ணில எறங்கி கடினத்தன்மை எக்கச்சக்கம். துணிக்கு சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஹீட்டர் காயில்ல வெள்ளையா ஓடு கட்டும். கடினத்தன்மை 200க்குள்ள இருந்தா நல்லது, 600 தாண்டினா குடிக்கவே எடுக்காதீங்க. இதுக்கு சாஃப்ட்னர் இருக்குது, உப்புப் போட்டு ஓட்டறது, ஆனா அது குளிக்க, துவைக்கத்தான், டிடிஎஸ்ஸைக் கொறைக்காது. பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலன்னு ரிப்போர்ட் வந்து, குடிக்க போரை விட்டா வேற வழியில்லன்னா அப்ப ஆர்ஓ வாங்குங்க, நானே வாங்கச் சொல்லுவேன். ஃப்ளோரைடு காய்ச்சினா போகாது, கையில வெச்சிருக்கற டிடிஎஸ் மீட்டர்லயும் தெரியாது.

டெஸ்டுக்கு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் இருக்குது, கட்டணம் கட்டிக் குடுக்கலாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுப் புடிங்க. கிருமி டெஸ்டுக்குத் தனி பாட்டில், லேப்லயே கேட்டு வாங்குங்க, வீட்டு கேன்ல புடிச்சா ரிசல்ட் தப்பா வரும். புது சம்புல, அதாவது தரைக்கடித் தொட்டில, சிமெண்டு காரம் எறங்கும், ரெண்டு மூணு தடவ நெரப்பி வெளிய விட்டுட்டு அப்புறம் சாம்பிள் எடுங்க.

சம்புன்னதும் இதையும் சொல்லிடறேன். எங்க தெருவுல பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே புது ரோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. கடன் வாங்கி ஒசத்திக் கட்டின வீடு இப்ப ரோட்டுக்குச் சமமா நிக்குது, இன்னொரு தடவ போட்டா மழைத்தண்ணி சாக்கடையோட சேந்து நேரா சம்புக்குள்ளதான். எந்த ஃபில்டர் என்ன பண்ணும்? கேட்டா யாரும் பதில் சொல்றதில்ல. உங்க சம்பு மூடியையாவது தரைக்கு மேல ஒரு அடி ஒசத்தி வெக்கச் சொல்லுங்க மேஸ்திரிகிட்ட.

டைல்ஸ் இன்னும் ஒட்டலன்னா நல்ல தண்ணிக்கு கிச்சன் வரைக்கும் தனி பைப் இழுத்துடுங்க. ரிப்போர்ட் வந்ததும் கடினத்தன்மை, ஃப்ளோரைடு, அப்புறம் சாக்கடையோ உரமோ கலந்தா ஏறற நைட்ரேட், மூணு நம்பரையும் போடுங்க, பாத்துச் சொல்றேன்.