வீடு வாங்கும் முன் கழிவுநீர்க் குழாயில் கேமரா விட வேண்டுமா?

கேள்வி: மலேசியாவின் தெலுக் இந்தானில் 80-களில் கட்டிய ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றை விலை பேசி வருகிறோம். அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வீடு புதுச் சாயத்தோடு பளிச்சென்று இருக்கிறது. சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கழிவறைப் பக்கம் மட்டும் லேசான வாடை. குழாயில் கேமரா விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால், "பழைய வீடுன்னா அப்படித்தான்கா, அதெல்லாம் வீண் செலவு" என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யலாம்?

பதில்: கேமரா விட்டுப் பாருங்கள். ஏஜென்ட்டுக்கு வீடு கைமாறினால் கமிஷன், அதோடு அவர் வேலை முடிந்தது. டெவலப்பரிடம் வாங்கும் புது வீட்டுக்கு 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. கை மாறும் பழைய வீட்டுக்கு அது கிடையாது. ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடியே' என்று ஒரு வரி இருந்தால், சாவி வாங்கிய மறுநாள் கழிவறை அடைத்துக்கொண்டாலும் அது உங்கள் பாடுதான்.

உங்கள் ஊர் மண்ணையும் யோசிக்க வேண்டும். 1885-இல் கட்டிய கோபுரம் சாய்ந்து நிற்கிற ஊர் அது, கீழே இருப்பது இளகிய மண். பைல் (ஆழத்தில் இறக்கும் தூண்) அடித்துக் கட்டிய வீடு அப்படியே நிற்கும், சுற்றியுள்ள தரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். குழாய் சுவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் ஒரு முனை வீட்டோடு நிற்கிறது, மறுமுனை மண்ணோடு இறங்குகிறது. அங்கேதான் இணைப்பு விலகும், இல்லையென்றால் குழாய் தொய்ந்து போகும். இதற்குக் கேமராகூட வேண்டாம். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, சுவரும் வெளிச் சிமெண்டுத் தரையும் சேரும் கோட்டைப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்குப் பிளவு இருந்தால், அதன் கீழே போகும் குழாயும் சும்மா இருந்திருக்காது.

கேமரா என்பது வளையும் கம்பியின் முனையில் விளக்கோடு இருக்கும் சின்ன லென்ஸ். திரையின் ஓரத்தில் எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தைவிட அந்த எண்ணைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து பொதுக் குழாயில் சேரும் இடம் வரைக்கும் உள்ள குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, பொதுக் குழாய், கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் பொறுப்பு. உடைப்பு 7-ஆவது மீட்டரில், பொதுக் குழாய் தொடங்குவது 11-ஆவது மீட்டரில் என்றால் செலவு உங்களுடையது. 13-இல் என்றால் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

லென்ஸ் திடீரென்று தண்ணீருக்குள் முங்கி, இரண்டு மீட்டர் தள்ளி வெளியே வந்தால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது. தண்ணீர் ஓடிவிடும், கழிவு தங்கிவிடும். இணைப்புகளில் நரை முடி போலத் தொங்குவது வேர். பழைய மண் குழாய்களில் இணைப்புகள் அதிகம், வாசலில் மாமரமோ அரச மரமோ இருந்தால் வேர் தேடி வந்துவிடும். வேரை வெட்டி எடுக்கலாம், ஆனால் இணைப்பைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வளரும். என் கணக்கில் வேரைவிடத் தொய்வுதான் பெரிய தலைவலி, தோண்டாமல் அது சரியாகாது.

இதெல்லாம் கேமராவை இறக்க வழி இருந்தால்தான். சமையலறையை இழுத்துக் கட்டும்போது பலர் மேன்ஹோல் மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் வாடைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரு சதுரம் மட்டும் பொள்ளலாக ஒலித்தாலோ, டைல்ஸின் நிறம் அங்கே மட்டும் மாறியிருந்தாலோ மூடி எங்கே என்று விற்பவரைக் கேளுங்கள். தெரியாது என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே அமைப்பு.

இன்னொன்று, அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் கழிவறைத் தண்ணீர் மட்டும்தான் செப்டிக் டேங்குக்கோ பொதுக் குழாய்க்கோ போகும். சமையலறைத் தண்ணீர் நேராக லோங்காங்கில், அதாவது வெளியே ஓடும் சாக்கடைக் கால்வாயில் விழும். கழிவறையில் சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே வருகிறது என்று பாருங்கள். பொதுக் குழாயில் சேர்ந்த வீடு என்று சொல்லியும் லோங்காங்கில் நிறம் தெரிந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். செப்டிக் டேங்க் வீடு என்றால் கேமரா டேங்க் வரைக்கும்தான் உதவும். டேங்கை மூடி திறந்துதான் பார்க்க வேண்டும். 2 ஆண்டுக்கு ஒருமுறை கசடு அள்ள வேண்டிய டேங்க் அது, கடைசியாக அள்ளிய ரசீதைக் கேளுங்கள்.

கேமராச் செலவு பொதுவாகச் சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) வரும். பார்ப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் கொஞ்சம் உஷார், பார்க்க மட்டும் கூப்பிடுங்கள். எழுதிய அறிக்கை மட்டும் போதாது, மீட்டர் எண் தெரியும் முழு வீடியோவையும் வாங்குங்கள். படம் எடுக்கும்போது ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஓடவிட வேண்டும், அப்போதுதான் தேங்கும் இடம் தெரியும்.

எப்போது பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10% முன்பணம் போய்விடும், அப்புறம் பின்வாங்கினால் அந்தப் பணத்துக்கே ஆபத்து. அதனால் ஆரம்ப முன்பணம் கட்டும் கடிதத்திலேயே, 'குழாய்ச் சோதனை திருப்தியாக இருந்தால்தான் வாங்குவோம், இல்லையென்றால் முன்பணம் திரும்பத் தரப்படும்' என்று வழக்கறிஞரைக் கொண்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கோளாறு தெரிந்தால் வீடியோவைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். விற்பவரையே பழுது பார்த்துத் தரச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை, மலிவாக ஒட்டிவிட்டு மறுபடியும் டைல்ஸ் பதித்துவிடுவார்கள். கேமராவையே விடக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தால் வேறு வீடு பாருங்கள். இண்டா வாட்டர் கட்டணப் பாக்கி இருக்கிறதா என்பதையும் கையோடு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.