பழைய பாமினி ஃபைலைத் திருத்தும்போது எழுத்து ஏன் இப்படி மாறிப்போகுது?

வவுனியா பக்கம் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எங்கட ஊர் வாசிகசாலையின்ட 2004ம் ஆண்டு மலரைத் திருப்பி அச்சடிக்கப் போறம். அப்ப டைப் பண்ணின வேர்ட் ஃபைல் பாமினியில கிடக்கு. கன்வெர்ட் பண்ணினா 'முக்கள்', 'ஏனவே', '1இ500 ரூபா' எண்டு வருது. 'மௌனம்' எண்டு தேடினா ரெண்டு இடம்தான் காட்டுது, ஆனா கண்ணுக்கு ஏழெட்டு இடத்தில தெரியுது. பேக்ஸ்பேஸ் அடிச்சா சில எழுத்து பாதிதான் போகுது. ரீப்ளேஸ் ஆல் குடுத்த பிறகு இன்னும் மோசமாப் போச்சு. எங்க இருந்து தொடங்குறது?"

முதல்ல அந்த ரீப்ளேஸ் ஆல் குடுத்த ஃபைலை அப்படியே மூடி ஒரு ஓரமா வச்சிடுங்க, அதைத் திருத்தித் திருத்தி சரி பண்ண முடியாது. பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல இருக்கற அந்த ஒரிஜினல் ஃபைல் இருக்கா பாருங்க, இருந்தா அதை ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணை பென்டிரைவ்ல போட்டு வச்சுட்டு இன்னொண்ணுல இருந்து புதுசா ஆரம்பிங்க. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எங்க பெரியப்பா எழுதி வச்ச நினைவுக்குறிப்பு நாப்பது பக்கத்துல நானே இந்தத் தப்பைப் பண்ணி, ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணி, அப்புறம் கைப்பிரதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வரி வரியா உக்காந்து சரி பண்ணினேன். கைப்பிரதி இருந்ததால தப்பிச்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க ஃபைல்ல ஒரு பிரச்சனை இல்ல, மூணு வேற வேற பிரச்சனை ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கு, அதான் குழப்பம்.

முதலாவது பாமினி. பாமினி ஃபைல்ங்கறது உண்மையில தமிழே இல்லாத ஃபைல், உள்ள இருக்கறது பூரா ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் மட்டும் அந்த எழுத்துக்கு தமிழ் முகத்தை மாட்டி விடுது. சின்ன ஜே அடிச்சா த, சின்ன கே அடிச்சா ம, சின்ன எம் அடிச்சா அ. அதே எழுத்து கேப்பிடல்ல வந்தா வேற: பெரிய ஜே து, பெரிய கே மு, பெரிய எம் ஆ. இப்ப யோசிச்சுப் பாருங்க, வேர்டுக்கு இது ஆங்கிலம்னுதான் தெரியும், அதனால முற்றுப்புள்ளிக்கு அப்புறம் வர்ற முதல் எழுத்தை அது பாட்டுக்கு கேப்பிடலாக்கும், ஆட்டோகரெக்ட்ல அந்த ஆப்ஷன் ஆன்ல இருந்தா. வரி ஆரம்பத்துல "மக்கள்" முக்கள் ஆனதும் "எனவே" ஏனவே ஆனதும் அப்படித்தான். உங்க கன்வெர்ட்டர் எந்தத் தப்பும் பண்ணல, இருபது வருஷம் முன்னாடி டைப் பண்ணும்போதே உள்ள விழுந்த சேதம் இது, அப்ப ப்ரூஃப் பாத்தவங்க கண்ணுக்குத் தப்பியிருக்கு. பெரிய பெரிய அறிக்கையில எல்லாம் "துமிழ்"னு வந்திருக்கறதை நான் பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கும்.

1இ500 கதையும் இதே குடும்பம்தான். பாமினியில கமா சாவியில இ உக்காந்திருக்கு, நிஜ கமா வேற இடத்துல. டைப் பண்ணவர் பழக்கத்துல கமா சாவியைத் தட்டிட்டார். இதை மட்டும் நிம்மதியா ஒரே தட்டுல மாத்தலாம், ஏன்னா தமிழ்ல ரெண்டு எண்ணுக்கு நடுவுல இ வர்ற சொல்லே கிடையாது. வேர்ட்ல கன்ட்ரோல் ஹெச், மோர், அதுல யூஸ் வைல்ட்கார்ட்ஸ் டிக் பண்ணிட்டு தேட வேண்டிய இடத்துல ([0-9])இ([0-9]) போட்டு, மாத்த வேண்டிய இடத்துல \1,\2 போடுங்க. இதுக்கு ரீப்ளேஸ் ஆல் குடுக்கலாம்.

ஆனா முக்கள், ஏனவே வகைக்கு அப்படி செய்யாதீங்க. "ஏனவே"ன்னு தமிழ்ல சொல் இல்லை, அதை மாத்தலாம். "அவர்" ஆவர் ஆகியிருக்குமேன்னு எல்லா "ஆவர்"ஐயும் மாத்தினா "தலைசிறந்த புலவர்கள் ஆவர்" அவர் ஆயிடும், ஆவர்த்தனம் அவர்த்தனம் ஆயிடும். முற்றுப்புள்ளிக்கும் இடைவெளிக்கும் அப்புறம் ஆ, ஏ, ஊ, ஓ, கு, து, பு, மு மாதிரி எழுத்து வர்ற இடங்களை ஒவ்வொண்ணா ஃபைன்ட் நெக்ஸ்ட் குடுத்துப் பாருங்க. பத்தி ஆரம்பத்தையும் விட்டுடாதீங்க, அங்கயும் கேப்பிடலாக்கி இருக்கும். மலர் நூறு பக்கம்னா கூட ரெண்டு நாள் சாயங்கால வேலைதான்.

கன்வெர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு: மலருக்குள்ள ஆங்கிலப் பெயர், ஈமெயில் முகவரி, புத்தகத் தலைப்பு ஏதாவது ஆங்கிலத்துல இருந்தா அதையும் கன்வெர்ட்டர் பாமினின்னு நினைச்சு தமிழாக்கி குப்பையாக்கிடும். வேர்ட்ல ஃபைன்ட் பெட்டியில ஃபார்மட், ஃபான்ட்னு போய் ஆங்கில ஃபான்ட் பேரைக் குடுத்துத் தேடினா அந்த இடங்கள் எல்லாம் வரும், ஒரு தாள்ல குறிச்சு வச்சுக்கிட்டு கன்வெர்ட் ஆனதுக்கப்புறம் கையால போடுங்க. யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாவே சேமிக்கிற இப்போதைய முறைக்கு, மாத்துறதுக்கு என்ஹெச்எம் கன்வெர்ட்டரோ சுரதாவோட பொங்குதமிழோ எது உங்களுக்குப் பழக்கமோ அது போதும். இன்னொண்ணு, இனிமே அந்த பாமினி ஃபைலைத் திறக்கறதா இருந்தா ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் வாக்கியத்தோட முதல் எழுத்தைக் கேப்பிடலாக்குற டிக்கையும், மேற்கோள் குறியை வளைக்கிற டிக்கையும் எடுத்துட்டுத் திறங்க.

ரெண்டாவது பிரச்சனைதான் நிறைய பேரைக் கவுக்குறது. மௌனம் ரெண்டு இடம்தான் காட்டுது, கண்ணுக்கு ஏழெட்டு தெரியுதுன்னீங்க இல்லையா, மத்த இடத்துல இருக்கறது மௌனம் இல்லை, மெளனம். அதாவது ம, ஒத்தைக்கொம்பு, அப்புறம் தனியா ளகரம். யூனிகோட்ல ஔகாரக் குறிங்கறது ஒரே குறி, அதுக்குள்ள வர்ற அந்த ள மாதிரி உருவம் ள எழுத்தே கிடையாது, வேற. திரையில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடுற மெஷினுக்கு ரெண்டும் வேற வேற சொல். ஔவையாருக்கும் இதே கதி, பாதி இடத்துல ஒ போட்டு ள போட்டு ஒளவையார்னு இருக்கும்.

எது சரி எது தப்புன்னு கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், அம்புக்குறி சாவியே போதும். கர்சரை ம-க்கு முன்னாடி வச்சு வலது அம்பை ஒரு தடவை தட்டுங்க. ஒரே தட்டுல மௌ முழுசையும் தாண்டினா சரியான எழுத்து, நடுவுல நின்னு இன்னொரு தட்டு கேட்டா அங்க ளகரம் உக்காந்திருக்கு.

இங்கதான் உங்க ரீப்ளேஸ் ஆல் கவுத்திருக்கும்னு நினைக்கிறேன். ஒத்தைக்கொம்பும் ளகரமும் பக்கத்துல பக்கத்துல வந்தா ஔகாரக் குறியாக்குன்னு குடுத்திருப்பீங்க. அப்படிக் குடுத்தா வெள்ளி, வெளிச்சம், தெளிவு, கெளுத்தி மீன் எல்லாத்துலயும் அதே ஜோடிதான் இருக்கு, எல்லாம் சிதைஞ்சு புள்ளிவட்டமும் கொம்புமா நிக்கும். ஒள-வை ஔ ஆக்கினா ஒளி, ஒளிப்பதிவு, ஒளிவுமறைவு எல்லாம் போச்சு. பெரியப்பாவோட குறிப்புல எனக்கு நடந்தது இதேதான், அவர் பள்ளிக்கூடத்துல மண்ணெண்ணெய் விளக்கு ஒளியில படிச்சதைப் பத்தி நிறைய எழுதியிருந்தார்.

அதனால எழுத்தை மாத்தாதீங்க, சொல்லை மாத்துங்க. மெளன-வை மௌன, கெளரவ-வை கௌரவ, பெளர்ண-வை பௌர்ண, பெளத்த-வை பௌத்த, செளகரிய-வை சௌகரிய, ஒளவை-யை ஔவை, ஒளடத-வை ஔடத. ஔகாரம் வர்ற சொல் தமிழ்ல ரொம்பக் கொஞ்சம், பதினஞ்சு இருபது சொல்லுக்குள்ள உங்க மலர் அடங்கிடும்.

பேக்ஸ்பேஸ் விஷயம் மூணாவது, இது பாக்க பயமா இருந்தாலும் லேசானது. விண்டோஸ்ல பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுக்கு ஒரு குறியை மட்டும் எடுக்கும், டெலீட் சாவி எழுத்தை முழுசா எடுக்கும். கொ-வுக்குப் பின்னாடி நின்னு பேக்ஸ்பேஸ் அடிச்சா க மிஞ்சினா அது இயல்பு, ஃபைல் நல்லாத்தான் இருக்கு. கெ மிஞ்சினா அங்க ஒகரக் குறி ஒண்ணா இல்லாம கொம்பு தனி கால் தனியா ரெண்டு குறியா ஏறியிருக்கு. யூனிகோட் ரெண்டையும் சமம்னுதான் சொல்லுது, ஆனா எல்லா சாஃப்ட்வேரும் அந்தச் சமத்தை மதிக்கிறது இல்லை, அதனால தேடல்ல பாதி சொல் விட்டுப்போகும், அகரவரிசைப்படுத்தினா சொல் இடம் மாறி நிக்கும். இதுக்கு நார்மலைசேஷன்னு ஒரு வேலை இருக்கு, என்எஃப்சின்னு பேர், வீட்டுல பைத்தான் தெரிஞ்ச பிள்ளைங்க இருந்தா யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் ஓட்டித் தரச் சொல்லுங்க, மூணு வரி வேலை. அது பிரிஞ்ச கொம்பையும் காலையும் சேர்த்துடும். ஆனா மெளனத்தை மௌனமாக்காது, காலுக்குப் பதிலா ரகரம் அடிச்சிருந்தா அதையும் தொடாது, அதெல்லாம் நிஜமாவே வேற எழுத்துங்கறதால நம்ம கண்ணுதான் பாக்கணும். ஸ்ரீயும் இதே மாதிரி சிக்கல், 2005ல யூனிகோட் 4.1 வந்தப்பதான் ஶ-ங்கற எழுத்து சேந்துச்சு, அதுக்கப்புறம் சில கீபோர்டு ஶ போட்டு எழுதுது, சிலது பழையபடி ஸ போட்டு எழுதுது, திரையில ரெண்டும் ஒண்ணாவே தெரியலாம். ஆளோட பேர்ல ஸ்ரீ வந்தா ரெண்டு விதமாவும் தேடிப் பாருங்க.

ப்ரெஸ்ல இருந்து பழைய பிடிஎஃப் கிடைச்சா அதுல இருந்து காப்பி பண்ணலாமேன்னு தோணும், வேண்டாம். பிடிஎஃப் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியுற வரிசையில வைக்கலாம், அப்ப கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னாடியே வந்து நிக்கும், ஒட்டினதும் கொம்பு தனியா புள்ளிவட்டத்தோட தொங்கும். வேர்ட் ஃபைல் உங்க கையில இருக்கறப்போ அந்த வழிக்கே போகாதீங்க. வேர்ட்ல இல்லாத பக்கம் ஏதாவது பிடிஎஃப்ல மட்டும் இருந்தா கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸ்ல திறங்க, படத்துல இருந்து எழுத்தைப் படிச்சுக் குடுக்கும், தமிழும் படிக்கும், ஆனா காலையும் ரகரத்தையும் மாத்திப் படிக்கும், கவனிங்க.

வரிசை இப்படி வச்சுக்கோங்க: ஆங்கிலப் பகுதியைக் குறிச்சுட்டு கன்வெர்ட், உடனே நார்மலைஸ், அப்புறம் எண்ணுக்கு நடுவுல இருக்கற இ, அப்புறம் ஔகாரச் சொற்கள், கடைசியா வரி ஆரம்பம். நார்மலைஸ் பண்ணாம சொல் தேட ஆரம்பிச்சா தேடினதையே திருப்பித் தேட வேண்டி வரும். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் வேற பேர்ல சேவ் பண்ணுங்க, ஒண்ணு ரெண்டு மூணுன்னு.

எல்லாம் முடிஞ்சதும் ஊர்ப்பேர், ஆட்பேர், நன்கொடைப் பட்டியல் இருக்கற பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து 2004 மலரோட அச்சுப் பிரதியைப் பக்கத்துல வச்சு ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் பழையதை வாய்விட்டுப் படிக்கணும், இன்னொருத்தர் புதுசுல விரல் வச்சுப் பாத்துக்கிட்டே வரணும். அதுல பாதிப் பேர் இன்னிக்கு இருக்க மாட்டாங்க, அவங்க பேரை நாம தப்பா அச்சடிச்சா திருத்தச் சொல்லிக் கேக்க ஆளில்லை. முடிஞ்சா அந்தப் பேரை எல்லாம் தெரிஞ்ச ஊர்ப் பெரியவர் ஒருத்தரைப் படிக்கற இடத்துல உக்கார வைங்க.